முதலாளியின் படகுக்கு மூன்று துண்டு லாங்கிளாத்

பெண்கள் சாக்கைப் பிரித்துப் பாவாடை தைத்துக் கட்டிக்கொண்டிருந்த 1944-ஆம் வருஷத்தில், ஜப்பான்காரன் ஆட்சியில், ஆறு டிங்கிப் படகுகளுக்குப் புதுப்பாய் தைப்பதற்கென்று இரண்டு கட்டு வெள்ளை லாங்கிளாத் எங்கிருந்தோ முளைத்தது. எங்கிருந்தோ என்ன, கிள்ளான் ஜவுளிக்கடை அப்துல் ரஹ்மான் முதலாளியின் பரணிலிருந்துதான். மூன்று வாரத்துக்கு முன்னால் அதே மனிதர் அதே பரணுக்குக் கீழே நின்றுகொண்டு சௌதாவிடம் இரண்டு கையையும் விரித்திருந்தார்.

"துணியா? கண்ணால பாத்தே ரெண்டு வருஷம் ஆச்சு தங்கச்சி. கபருக்குப் போறவங்களுக்கே கெடைக்கலை லா."

சௌதா கேட்டதும் கபர்க் குழிக்குப் போகிறவருக்குத்தான். அவள் கணவர் ஜெய்னுதீன், சண்டைக்கு முன்னால் துறைமுகத்தில் சரக்கு ஏற்றும் தொங்கான் படகுக்குத் தண்டலாக இருந்து பத்து ஆட்களை அதட்டி வேலை வாங்கியவர், இப்போது மரவள்ளிக்கிழங்கையே தின்று தின்று கால் வீங்கிக் கட்டிலில் கிடந்தார். அரிசிச் சோறு தின்றால் வீக்கம் வடியும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அரிசி எங்கே கிடைக்கும் என்று மட்டும் சொல்லவில்லை. வீக்கம் இடுப்புக்கு ஏறினால் முடிந்தது என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அந்த மாதத்தில் அவர்கள் வரிசை வீடுகளிலிருந்து இரண்டு ஜனாஸா சாக்கில் சுற்றிப் போயிற்று. இரண்டாவதை ஜன்னல் வழியே பார்த்த பிறகுதான் ஜெய்னுதீன் மனைவியிடம் வாய் திறந்து ஒன்று கேட்டார். உடம்பைச் சுற்றிப் புதைக்கிற கஃபனுக்கு மூன்று துண்டு வெள்ளைத் துணி. ஆணுக்கு மூன்று, அதுதான் முறை.

"சாக்குல மட்டும் வேணாம் சௌதா. ஆயுசு பூரா மூட்டை ஏத்தினவன் நான். கடைசியில என்னையும் மூட்டையாக் கட்டிராதே."

அந்தத் துணிக்குத்தான் அவள் கடை கடையாக ஏறி இறங்கினாள். அப்போது இல்லாத துணி, படகுக்கு வந்துவிட்டது.

நடந்தது இதுதான். துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ஜப்பான் அதிகாரி, வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டு ஓடிய கொட்டகையில் ஆறு டிங்கிகளைக் கண்டெடுத்தார். அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பாய்ப்படகு ஓட்டும் ஆசையாம். சக்கரவர்த்தி பிறந்த நாளை முன்னிட்டு, திங்கள் முதல் சனி வரை கரையோரமாகப் படகுப் பந்தயம் நடத்தலாமே என்று ஒரு பேச்சுக்குச் சொன்னார். அவர் வாயை மூடுவதற்குள் அப்துல் ரஹ்மான் இடுப்பை வளைத்துக் கும்பிட்டு, பாய்த்துணிக்கு நானாச்சு என்றார். ஓட்டுவதற்கு ஆள் பிடித்ததும் அவர்தான். பிரிக்பீல்ட்ஸ் ரயில் ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிகள் மூன்று பேர், கிள்ளானில் பல் பிடுங்குகிறவர் ஒருத்தர், அப்புறம் அவரே. ஆறாவது படகு அதிகாரிக்கு. இந்த ஐந்து பேரில் ஒருத்தர்கூட அதுவரை குளத்தில் முங்கியிருப்பாரா என்பதே சந்தேகம்.

பாய் தைக்கிற வேலை சௌதாவிடம் வந்தது. வரிசையில் அவளிடம்தான் தையல் மெஷின் இருந்தது, பாயின் அளவும் வெட்டும் அறிந்தவர் அவள் வீட்டுக் கட்டிலில் இருந்தார். துணியைக் கொண்டுவந்து போட்ட அப்துல் ரஹ்மான், ஒரு முழம் மிஞ்சினாலும் திருப்பித் தரவேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். அவர் கண்ணால் பார்த்தே இரண்டு வருஷமான அந்தத் துணியைச் சௌதா விரலால் நிமிண்டிப் பார்த்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. கட்டிலில் கிடந்தவரைக்கூட அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

அவர் போன பிறகு ஜெய்னுதீன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். அஞ்சு பாயை ஒழுங்காக வெட்டித் தைக்கச் சொன்னார். அப்துல் ரஹ்மான் படகுக்கு உரியதை மட்டும் வெட்டவேண்டாம் என்றார். மூன்று துண்டு, கஃபன் நீளத்துக்கு முழுசாக. பக்கத்துப் பக்கம் வைத்து நூலோட்டம் விட்டு, மிஞ்சுகிற மூலையை உள்ளே மடித்துவிட வேண்டும். நூலை இழுத்தால் மூன்றும் முழுசாகக் கையில் வந்துவிடும்.

அந்தப் படகை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று அவள் கேட்டாள்.

"அவன் காத்து அடிச்சா பாயை எறக்கிருவான். ஆறு பாயிலயும் கிழியாமத் திரும்பறது அவனோடது ஒண்ணுதான்."

சொன்னபடியே தைத்தாள். மடிப்பு கனத்துப் பாய் தொய்ந்தது. அப்துல் ரஹ்மான் அதைத் தடவிப் பார்த்து, நல்ல கனமாக இருக்கிறது, மற்றதைவிட உசத்தியாக்கும் என்று சந்தோஷப்பட்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு முதல் பந்தயம். நேரம் குறித்தவர் அப்துல் ரஹ்மான். படகுத்துறைக் கொட்டகையில் ஒரு பழைய பலகை உண்டு. எந்தப் பிறைக்கு எத்தனை மணிக்குக் கடல் ஏறும், எத்தனை மணிக்கு வற்றும் என்று வெள்ளைக்காரன் காலத்தில் எழுதி வைத்தது. பிறைக் கணக்குத்தான் எங்கள் வீட்டுப் பாடமாயிற்றே என்று அவர் பெருமையாகப் பலகையைப் படித்து, நாலு மணிக்குத் தண்ணீர் பாதி ஏறியிருக்கும் என்று அடித்துச் சொல்லிவிட்டார். பிறை சரிதான். ஊர்க் கடிகாரமெல்லாம் தோக்கியோ நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைக்கப்பட்டு இரண்டு வருஷமாகிறது என்பதுதான் மறந்துபோயிற்று. கடலுக்கு யாரும் அந்த உத்தரவைப் படித்துக் காட்டவில்லை.

தோக்கியோ நாலு மணிக்கு, அதாவது பழைய கணக்கில் இரண்டரைக்கு, தண்ணீர் இப்போதுதான் திரும்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஆறு டிங்கிகளும் சேற்றில் ஒருக்களித்துப் படுத்திருந்தன. அதிகாரி படகில் உட்கார்ந்துவிட்டதால் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அவர் இறங்காததால் யாரும் இறங்கவில்லை. துடுப்பைப் பிடித்தபடி, வெள்ளைச் சட்டையில், சேற்று நண்டுகள் வேடிக்கை பார்க்க, தண்ணீர் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கெராங் சிப்பி பொறுக்கப் போன சௌதா தன் சறுக்குப் பலகையில் ஒரு காலை மடக்கிக்கொண்டு, மறு காலால் சேற்றை உந்தி, அவர்களைத் தாண்டிப் போனாள். கூடை நிறைந்து திரும்பி வந்தபோதும் அவர்கள் அங்கேயே இருந்தார்கள். இத்தனை பெரிய மனிதர்களை இத்தனை அசட்டுத்தனமாக ஒரே இடத்தில் அவள் பார்த்ததில்லை.

கரைக்கு வந்ததும் அதிகாரி அப்துல் ரஹ்மானின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். முதலாளி குனிந்து அதற்கும் நன்றி சொன்னார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் சௌதா வீட்டு வாசலில் நின்றார். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. இப்போது கட்டிலில் கிடப்பவர் அவர் கண்ணுக்குத் தெரிந்தார். தண்டல் என்றார், நீங்கள்தான் கடலைக் கரைத்துக் குடித்தவராச்சே என்றார். தினமும் எத்தனை மணிக்குப் போகலாம், எத்தனை மணிக்குள் திரும்பவேண்டும் என்று சொன்னால் போதுமாம்.

"என் தொங்கான் வேற துறைக்குப் போகப்போவுது முதலாளி. உங்க படகுப் பாய் எனக்கு வேணும். பந்தயம் முடிஞ்சதும் சௌதா கையில குடுத்துரணும்."

அவ்வளவுதானே என்றார் அப்துல் ரஹ்மான். படைத்த ரப்பு மேல் ஆணையாகத் தருவதாக நெஞ்சைத் தொட்டுச் சொன்னார்.

செவ்வாயும் புதனும் வியாழனும் ஜெய்னுதீன் போகிற நேரம், வருகிற நேரம் இரண்டையும் பிசகாமல் சொல்லி அனுப்பினார். பந்தயம் என்று பெயர். அதிகாரி முன்னால் போவார், கிராணிகள் பாயைத் தளர்த்திக்கொண்டு அவருக்குப் பின்னால் தங்குவார்கள், பல் பிடுங்குகிறவர் வாந்தி எடுப்பார். அப்துல் ரஹ்மான் காற்று அடித்தால் பாயை இறக்கிவிட்டுக் கடைசியாக வந்து எல்லாருக்கும் முன்னால் கைதட்டுவார். ஒவ்வொரு நாளும் சௌதா கரையில் நின்று அந்த ஒரு பாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கறை இல்லை, கிழிசல் இல்லை.

வெள்ளிக்கிழமை பந்தயத்துக்கு ஓய்வு; ஜும்மாத் தொழுகை முடிந்து வந்த அப்துல் ரஹ்மானுக்குப் புது யோசனை உதித்தது. எல்லாப் பாயிலும் கப்பலுக்கு அடிக்கிற சிவப்புப் பெயிண்டால் உதயசூரியன் வரையச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. கடைசி நாளில் ஆறு பாயையும் மடித்து அதிகாரிக்கு நினைவுப் பரிசாகத் தரப்போவதாகவும் அறிவித்துவிட்டார். சௌதா ஓடிப்போய்க் கேட்டாள். அவர் பக்கத்தில் நின்ற கிராணிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, பிறகு வேறு ஏதாவது பார்த்துச் செய்கிறேன் என்றார். அவர் பின்னால் அந்த மூன்று துண்டும் பாயாகவே கொடியில் காய்ந்தன. நடுத் துண்டில் ஒரு தாம்பாளம் அளவுக்குச் சிவப்பு வழிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து அவள் அழுதாள். மறுநாள் காலை நேரம் கேட்டு ஆள் வந்தபோது, ஜெய்னுதீன் பன்னிரண்டு மணிக்குத் தண்ணீர் நிறைய இருக்கும், தாராளமாகப் போகலாம் என்று சொல்லி அனுப்பினார். திரும்பும் நேரத்தைச் சொல்லவில்லை. வந்தவனும் கேட்கவில்லை.

"அஞ்சு மணிக்குச் சறுக்குப் பலகையை எடுத்துக்கிட்டுப் போ," என்றார் மனைவியிடம்.

சனிக்கிழமை படகுகள் தீவு வரை ஜம்மென்று போயின. அங்கே பரிசளிப்பு, வாழ்த்து, கிழக்கே பார்த்துக் கும்பிடு, அதிகாரி ஒரு பேச்சு, அப்துல் ரஹ்மான் மூன்று பேச்சு. பிறகு அதிகாரி மோட்டார் படகில் ஏறித் தன் டிங்கியையும் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கரைக்கு வந்துவிட்டார். கிராணிகளும் பல்காரரும் வற்றுகிற தண்ணீரோடு மல்லுக்கட்டி எப்படியோ வந்து சேர்ந்தார்கள். கனத்த பாயை வைத்துக்கொண்டு கடைசியாகக் கிளம்பியவர் கரைக்குக் கால் மைல் தூரத்தில் தரை தட்டினார். கரையில் பாய்களைப் பரிசு கொடுக்கிற அவசரத்தில் படகைவிட்டு இறங்கி நடக்கப் பார்த்தார். பத்தடி தாண்டுவதற்குள் சேறு தொடை வரைக்கும் வாங்கிக்கொண்டது.

சௌதா பலகையை உந்திக்கொண்டு போனபோது அவர் கையை நீட்டினார். அவள் அவரைச் சுற்றிக்கொண்டு நேரே படகுக்குப் போனாள். பாயை அவிழ்த்தாள், நூலை இழுத்தாள். மூன்று துண்டும் முழுசாக வந்தன. கூடைக்குள் வைத்து மேலே கெராங்கைக் கொட்டினாள்.

"அது தொரைக்குக் குடுக்க வேண்டியது தங்கச்சி."

"எனக்குத்தான் மொதல்ல வாக்குக் குடுத்தீங்க முதலாளி."

படகிலிருந்த துடுப்பை எடுத்து அவர் பிடித்துக்கொள்ளும்படி குறுக்கே போட்டாள்.

"இதைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. ஒம்பது மணிக்குத் தண்ணி வந்து தூக்கிவிடும். தோக்கியோ நேரம்."

சேற்றிலிருந்து எடுக்கப்பட்டவர், பாய் காற்றில் பறந்துபோயிற்று என்றுதான் சொன்னார். உண்மையைச் சொன்னால் யாருக்கு எதற்கு வாக்குக் கொடுத்தாய், பரணில் இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று கேள்வி வரும். சொல்லாமலும் கேள்வி வந்தது. ஒரு பாய் குறைந்த கோபத்தில் அதிகாரி சோல்ஜர்களை அனுப்பினார். பரணிலிருந்த கட்டுகளோடு வீட்டிலிருந்த வேட்டி, விரிப்பு, ஜன்னல் திரை எல்லாம் லோரியில் ஏறின. அப்துல் ரஹ்மானுக்குச் சேற்றுக் குளிர் காய்ச்சலாக இறங்கியது. ஊருக்கெல்லாம் இல்லாத கொயினா மாத்திரை அவருக்கும் இல்லை. பத்தாம் நாள் காலையில் போய்ச் சேர்ந்தார்.

அன்று வெயில் ஏறுவதற்குள் அவர் மனைவி மஜீதா சௌதா வீட்டு வாசலில் வந்து நின்றாள். கிள்ளானில் யாரிடம் வெள்ளைத் துணி இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது, எப்படி வந்தது என்பதும்.

"ஒரு துண்டு போதும் சௌதா. உடம்பு மறைஞ்சாப் போதும். சாக்கு கொண்டாந்து வச்சிருக்காங்க."

சௌதா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தாள். மேலே வெள்ளை இரண்டு, அடியில் சிவப்பு வட்டம் போட்டது. சாம்பலும் மண்ணும் வைத்துத் தேய்த்தும் அந்தச் சிவப்பு போகவில்லை. கை யோசிக்காமல் அடியில் இருந்ததை உருவியது. எந்த வட்டத்துக்காக இடுப்பு வளைந்ததோ அதையே கட்டிக்கொண்டு போகட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்தது அவளுக்கு இனித்தது.

மஜீதா துணியைப் பிரித்தாள். வட்டத்தைப் பார்த்தாள். சிவப்பு உள்ளே போகும்படி பொறுமையாக மடித்து, நல்லா இரு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கட்டிலில் இருந்தவர் எதைக் கொடுத்தாய் என்று கேட்டார். முதலாளி பெயிண்ட் பூசச் சொன்னதைத்தான் என்றாள். ஜெய்னுதீன் இருமல் வரும்வரை சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

"மஜீதா பாத்தாளா?"

"பாத்தாங்க."

"என்ன சொன்னா?"

"நல்லா இருன்னாங்க."

அவர் சிரிப்பு நின்றது. தன் வீங்கிய காலை ஒரு தடவை தடவிக்கொண்டார்.

"போய் மாத்திக் குடுத்துட்டு வா."

சௌதாவுக்கு ஆத்திரம் வந்தது. அந்த ஆளுக்காகவா, அப்புறம் உங்களுக்கு வெள்ளை ஒன்றுதானே மிஞ்சும் என்று கேட்டாள்.

"அவனுக்கு யார் குடுக்கச் சொன்னா? அவனைத் தூக்கறப்போ வாசல்ல நிக்கப்போறவ மஜீதா. எனக்குச் சிவப்பு உள்ள இருக்கட்டும், வெள்ளை மேல இருக்கட்டும். மூட்டையாப் போகலை லா, அது போதும்."

சௌதா வெள்ளைத் துண்டு ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலில் நடந்தாள். வழியெல்லாம் அப்துல் ரஹ்மானைத் திட்டிக்கொண்டே போனாள். பரணையும் படகையும் அவர் இளித்த பல்லையும் சேர்த்துத் திட்டினாள். மஜீதாவின் வாசல் வந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள்.