எப்போதிலிருந்து சத்தம்?

எங்கள் படுக்கையறை மின்விசிறியில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பது நான்கு மாதமாக எனக்குப் பிடிபடவில்லை. மோட்டார்களுக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றும் கடையில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன்; எனக்கே இந்தக் கதி. மின்விசிறி சத்தம் போட்டால் பெரும்பாலும் மூன்று காரணம்தான். பேரிங் வறண்டால் கரகரக்கும். இறக்கைத் திருகு தளர்ந்தால் சுற்றுக்கு ஒருமுறை டக்கென்று அடிக்கும். மேலே கொக்கியில் ரப்பர் தேய்ந்தால் கம்பியே ஆடி முனகும். மூன்றையும் சரிசெய்துவிட்டேன். தரையில் மல்லாந்து படுத்துக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். காற்றைத் தவிர ஒன்றுமில்லை.

ஆனால் என் வீட்டுக்காரருக்குக் கேட்கிறது. பேருந்து ஓட்டுகிறவர். கியர் விழும் ஓசையை வைத்தே வண்டிக்கு என்ன நோவு என்று சொல்லிவிடுவார். அந்தக் காதை எப்படிச் சந்தேகப்படுவது?

"டக்கு டக்குங்குது. நான் ஹால்லயே படுத்துக்கிறேன்."

"நேத்துதானே பேரிங் மாத்தினேன்?"

"மெக்கானிக்கம்மா சொன்னா போதுமா? ஃபேன் கேக்கணுமே" என்பார். தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விடுவார்.

எனக்குக் கருப்பை வாயில் புற்று வந்து, கதிர்வீச்சு முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அந்தச் சத்தம் நிஜமாகவே இருந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் ஸ்டூலில் ஏறினேன். மின்விசிறியில் கோளாறு இல்லையென்றால், அவர் விலகிப் போவது என்னைவிட்டுத்தான் என்று ஆகிவிடும்.

அப்படியிருக்க, ஒருநாள் பரிசோதனைக்குப் போனபோது செவிலியர் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். "அக்கா, வீட்டுல ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கீங்களா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கோம் சிஸ்டர். ஃபேன்தான் சரியில்ல. சத்தத்துல அவரு வெளிய படுத்துக்கிறாரு."

"எப்போலேருந்து சத்தம்?"

கடைக்கு எந்த மோட்டார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி அது. வீட்டில் அதைக் கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. நாட்களை எண்ணிப் பார்த்தேன். சிகிச்சைக்குப் பிறகு முதன்முறையாக நாங்கள் நெருங்கிய நாள், நான் வலியில் கத்தியது, "ஒண்ணுமில்ல" என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. அதற்கு மறுநாளிலிருந்துதான் சத்தம்.

நான் அதைச் சொன்னதும் செவிலியர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கதிர்வீச்சு பட்ட இடத்தில் ஈரம் வற்றும், தசை விறைத்துச் சுருங்கும், நிறையப் பேருக்கு இப்படி ஆகிறது என்றார். அதற்கு வழியும் உண்டு. தண்ணீர் கலந்த வழுவழுப்பான ஜெல். பிறகு முனை உருண்ட, வழவழவென்ற குழாய்கள், சுண்டுவிரல் பருமனில் தொடங்கி ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் பெரியதாக. வாரத்தில் மூன்று நாள், பத்து நிமிடம் உள்ளே வைத்துத் தசையை மெல்லத் தளர்த்த வேண்டும், சின்னதிலிருந்து. வலித்தால் அதோடு நிறுத்த வேண்டும். ரத்தம் வந்தால் உடனே சொல்ல வேண்டும். அவர் கொடுத்த பெட்டியைத் திறந்து பார்த்ததும், ஸ்பானர் செட் போல வரிசையாக இருக்கிறதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை என்று அழுகையும் வந்தது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்காரரை ஸ்டூலைப் பிடிக்கச் சொன்னேன். ஏறவில்லை. மின்விசிறியைப் போட்டுவிட்டு, "இப்போ கேக்குதா?" என்றேன்.

அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "இல்ல."

"என்னிக்காவது கேட்டுச்சா?"

"ஃபேன்ல இல்லடி." ஸ்டூலை விடாமல் பிடித்திருந்தார். "அன்னிக்கு நீ கத்தினே பாரு... அதுதான் காதுலயே நிக்குது. இன்னொரு தடவை உன்னை அப்படிக் கத்த வெச்சிருவேனோன்னு..."

"நான் என்னமோ உங்களுக்கு அருவருப்பா இருக்குன்னு நெனச்சேன்."

"லூசு" என்றார். மூக்கை உறிஞ்சினார்.

பெட்டியைத் திறந்து காட்டி ஒவ்வொன்றாக விளக்கினேன். புது வண்டியைப் பார்ப்பது போலக் கவனமாகக் கேட்டார். "எனக்கும் வேணுங்க. மெதுவா" என்றேன். அவருடைய பயம் ஒன்றுதான்: வலியை நான் மறைத்துவிடுவேன், அவருக்குத் தெரியாமலே போய்விடும். அதற்கான வழி அவர் தொழிலிலேயே இருந்தது. நடத்துநர் மணி அடிப்பதுதான்.

ஒரு மாதம் அந்தக் குழாய்கள். பிறகு, ஒரு மத்தியானம், நாங்கள். முதல் நாள் மூன்று முறை நிறுத்தம் வந்தது. மூன்று முறையும் வண்டி நின்றது. தலையணை ஹாலுக்குத் திரும்பவில்லை. முறை இதுதான்: அவர் தோளில் நான் ஒருமுறை தட்டினால் நிறுத்த வேண்டும். இரண்டு முறை தட்டினால் போகலாம்.