இருபத்தோரு கிலோ

1991ஆம் ஆண்டு மே இருபத்தைந்தாம் தேதி காலை பத்தே காலுக்கு இலாரியோன் பலானின் வலது தோளில் ஏறி உட்கார்ந்த ஏழு வயதுச் சிறுமி இன்னும் இறங்கவில்லை. அன்று எங்கள் வலுரேனிப் பள்ளியில் கடைசி மணி விழா. படிப்பை முடித்துப் போகிறவர்களில் முதல் மாணவன் ஒன்றாம் வகுப்புப் பெண் குழந்தை ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வர, குழந்தை ரிப்பன் கட்டிய பித்தளை மணியை அடித்துக்கொண்டே வரும். தங்க மெடல்காரன் இலாரியோன் தூக்கினான், ஆலைத் துணை இயக்குநரின் மகள் ஒட்டிலியா அடித்தாள். சுற்று முடிந்ததும் ஒட்டிலியா தானே குதித்து இறங்கி, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். எடை மட்டும் இறங்கவில்லை. மறுநாள் ஆலை வாசல் தராசில் அவனை நிறுத்துப் பார்த்தார்கள். பையன் அறுபத்தாறு கிலோ, தராசு எண்பத்தேழு காட்டியது. தராசு எங்கள் ஆலையிலேயே செய்தது என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.

அந்த ஆலை தராசும் அழுத்தமானியும் செய்தது. இரண்டாம் மாடியில், ஜன்னலோரம், வடிவமைப்பாளர் மேசை ஒன்றை அவனுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள்; பொறியியல் படித்துவிட்டு வந்து உட்கார வேண்டியதுதான் பாக்கி. அவன் தலைநகருக்குப் போன அதே ஆகஸ்டில் பெரிய நாடு உடைந்து, எங்கள் குடியரசு தனி நாடாக மாறியது. ஐந்து வருடம் ஒரு பக்கம் சாய்ந்தபடியே படித்து, சிவப்பு அட்டை போட்ட முதல்தரப் பட்டத்தோடு அவன் திரும்பியபோது, ஆலையில் மேசை இல்லை, ஜன்னலும் இல்லை. இயந்திரங்கள் பழைய இரும்பு விலைக்குப் போயிருந்தன. யார் விற்றார்கள் என்பது ஊருக்கே தெரியும். துணை இயக்குநரின் வீட்டில் மாடி எழும்பியதை நாங்கள் எல்லோரும் வேடிக்கை பார்த்தோம். கடைசிச் சம்பளமாக ஆளுக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் கொடுத்திருந்தார், அதைப் போட்டுக்கொண்டு நின்றுதான் பார்த்தோம்.

மணி முதன்முதலில் ஒலித்தது சந்தையில். இலாரியோன் சூரியகாந்தி விதை விற்றுக்கொண்டிருந்தான். பழைய ஆசிரியை ஒருத்தி எதிரே வந்து நிற்கவும், "சும்மாதான் டீச்சர், அத்தை சாப்பிடப் போயிருக்காங்க, பாத்துக்கச் சொன்னாங்க" என்றான். உடனே அவன் தோளுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத கையில், பித்தளை மணி கணீரென்று அடித்தது. இறைச்சிக் கடை வரிசை வரைக்கும் கேட்டது. டீச்சர் இரண்டு டம்ளர் விதை வாங்கிக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல் போனாள். அதற்குப் பிறகு தன்னைப் பற்றி அவன் எப்போது பொய் சொன்னாலும் மணி அடித்தது. தோளில் மிட்டாய் வைத்துப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான், குழந்தை மசியவில்லை. ஊர்க்காரர்கள் அவனிடம் எந்த விசாரிப்பும் வைத்துக்கொள்ளாமல் வானிலையைப் பற்றி மட்டும் பேசப் பழகினார்கள். மாஸ்கோவில் கட்டட வேலைக்குப் போனபோது இடது தோளில் மட்டும் செங்கல் சுமந்தான்.

அவன் மனைவி ப்ரொஃபீரா 2006இல் இத்தாலிக்குப் போய், படுத்த படுக்கையாக இருந்த ஒரு கிழவியைக் குளிப்பாட்டும் வேலையில் சேர்ந்தாள். ஞாயிறு மதியம் போன் செய்வாள். தொழிற்பள்ளியில் பாடம் எடுப்பதாக அவன் சொல்வான், மணி அடிக்கும். "கோயில்ல மணி அடிக்கிறாங்க போல. சரி, போய் சாப்பிடு" என்று அவள் வைத்துவிடுவாள். எங்கள் கோயில் மணி எப்படி ஒலிக்கும் என்று அவளுக்குத் தெரியாதா என்ன. ஏழாவது வருடம் அவளே சொன்னாள்: "என்ன வேலையோ எனக்கு வேணாம். மாசா மாசம் சம்பளம் வர்ற ஒண்ணு பிடிச்சேன்னா சொல்லு, நான் பஸ் ஏறிடறேன். இங்க என் இடுப்பு போச்சு."

அந்த 2013 வசந்தத்தில் பழைய ஆலைக் கட்டடத்தில் காருக்கு ஒயர் கட்டும் வெளிநாட்டுத் தொழிற்சாலை திறந்தது. பட்டம் பெற்றவர்களை எடுப்பதில்லை என்று ஊரில் பேச்சு. கேள்வி கேட்பார்களாம், வேலையில் நிலைக்க மாட்டார்களாம். ஆகவே எல்லோரும் எட்டாம் வகுப்பு என்றே சொல்வதாக இருந்தோம். வரிசையில் நாற்பது பேர். வேதியியல் வாத்தியார் இருந்தார், இரண்டு பொறியாளர்கள் இருந்தார்கள், இருபது வருடம் புவியியல் சொல்லிக்கொடுத்த நானும் இருந்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஆள் எடுக்கும் அதிகாரியாக மேசைக்குப் பின்னால் இருந்தவள் ஒட்டிலியா. பழைய இரும்புக் காசில் ருமேனியாவுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவள், இருபத்தொன்பது வயது. தாளைப் பார்த்தபடியே கேட்டாள்.

"படிப்பு?"

"எட்டாவதும்மா."

மணி அடித்தது. கதவு திறந்திருந்ததால் நாற்பது பேருக்கும் கேட்டது. நாங்கள் தரையைப் பார்த்தோம். ஒட்டிலியா பேனாவைக் கீழே வைத்தாள். அந்த மணியைத் தன் கையால் அடித்தவளுக்கு அதன் குரல் மறக்குமா?

"நீங்க... தங்க மெடல் இலாரியோன் அண்ணன்தானே?"

"இல்லம்மா, அது வேற யாரோ."

மறுபடியும் மணி. வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு, அந்தச் சிரிப்புக்காக வெட்கப்பட்டு இருமினார்கள். அது நான்தான்.

அவள் எழுந்து வந்து கதவைச் சாத்தினாள், சரியாகச் சாத்தவில்லை. மருத்துவப் பரிசோதனைக்கு வைத்திருந்த எடை இயந்திரத்தில் அவனை ஏறச் சொன்னாள். எண்பத்தேழு. அவனை இறக்கிவிட்டுத் தான் ஏறினாள். பார்த்தால் ஐம்பத்தேழு சொல்லலாம். முள் முப்பத்தாறில் நின்றது. ஒட்டிலியா காற்றடிக்கும் நாட்களில் கைப்பையில் கல் போட்டுக்கொண்டு நடப்பாள் என்பது ஊருக்குத் தெரிந்த விஷயம். படிப்பிலோ மாடிப்படியிலோ அவளுக்கு மூச்சு வாங்கியதே இல்லை. கெட்டிக்காரி என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கணக்கு அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. காது வரைக்கும் சிவந்துபோனாள்.

"இத்தனை வருஷமாவா? ஏண்ணே, வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு வந்து சொல்றது? 'பாப்பா, வந்து உன்னை எடுத்துட்டுப் போ'ன்னா?"

"குடுங்க. இப்பவே குடுங்க."

மைதானத்தில் அன்று செய்ததைப் போலவே அவன் ஒரு முழங்காலை மடித்து, வலது தோளைத் தாழ்த்தினான். அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். விரல்கள் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றன. பிறகு கைகளை மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு வேணாம்ணே. மூணு மணிக்கு எனக்கு ஒரு மீட்டிங் இருக்கு."

போய் உட்கார்ந்து, படிப்பு என்ற இடத்தில் தன் கையாலேயே எட்டு என்று எழுதி, முத்திரை குத்தி, தாளை நீட்டினாள். இலாரியோன் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு வாங்கிக்கொண்டான்.

"ரொம்ப நன்றிம்மா" என்றான்.

மணி அடிக்கும் என்று வெளியே நாற்பது பேரும் காத்திருந்தோம். அடிக்கவில்லை. அவன் நிஜமாகவே நன்றி சொல்லியிருந்தான். என் வாழ்நாளில் அதைவிட வெட்கப்பட்ட நேரம் எனக்கு நினைவில்லை. அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள், நான் உள்ளே போய் எட்டாம் வகுப்பு என்றேன். என் தோளில் யாரும் இல்லாததால் எந்தச் சத்தமும் வரவில்லை.

நாங்கள் இருவரும் இரண்டாம் மாடியில், ஜன்னலோரம், நின்றபடி ஒயர் வெட்டுகிறோம். ஒட்டிலியா எங்கள் பக்கம் வருவதில்லை. கைப்பையில் இப்போது இன்னொரு கல்லும் போட்டுக்கொள்கிறாள் என்கிறார்கள். அக்டோபரில் ப்ரொஃபீரா பஸ்ஸை விட்டு இறங்கினாள். அவன் இடது கன்னத்தில் முத்தமிட்டாள், வலது பக்கம் குழந்தையின் கால் இருக்கும் என்பதால். பெட்டியை அவனுடைய இடது கையில் கொடுத்தாள்.

"இன்னும் இறங்கலியா?"

"இல்ல."

"சரி, மெதுவாவே நட. அசந்து தூங்கிட்டிருக்கப் போறா."

மூன்று பேரும் வீட்டுக்குப் போனார்கள்.