மூச்சு விட்ட இடம்

மருத்துவர் மூக்கு வழியே விட்டிருந்த மெல்லிய குழாயை வெளியே எடுத்துத் துடைத்து வைத்தார். திரையை அவள் பக்கம் திருப்பினார். ஈரமான இளஞ்சிவப்பு. நடுவில் குரல் நாண்கள், இரண்டு வெள்ளை நாடாக்கள். இரண்டிலும் ஒரே இடத்தில், எதிரெதிராக, கடுகளவு புடைப்பு.

"ஆறு வாரம். பேசவே கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. அது இதைவிட மோசம்."

"என் வேலையே…"

"இதோ பேசுறீங்க பாருங்க."

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அவள் குரல் கொடுப்பவள். வங்கிக்குப் போன் செய்தால் காத்திருக்கச் சொல்லும் குரல், லிஃப்டில் மாடி எண் சொல்லும் குரல், தொழிற்சாலைக்குப் புதிதாக வருபவர்களுக்குத் தீ பிடித்தால் எந்த வாசல் என்று காட்டும் படத்தின் குரல். அலுவலகம் கிடையாது. படுக்கையறையில் துணி அலமாரி, அதற்குள் ஒரு முக்காலி, ஒரு மைக். கணவனின் சட்டைகளும் கம்பளிகளும் எதிரொலியைக் குடித்துவிடும். பத்து வருடங்களுக்கு முன் மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு அந்த முக்காலியில் உட்கார்ந்தபோது ஒரே ஒரு வாடிக்கைதான் இருந்தது. இப்போது நாற்பது. யாருக்கும் அவள் முகம் தெரியாது. வந்த வேலைக்கு அவள் முடியாது என்று சொன்னதில்லை என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். காலையில் படிக்க வேண்டிய தாள் வந்தால் மாலையில் பதிவு போய்விடும். உடம்பு சரியில்லை என்று ஒரு வாரம் சொன்னால் போதும், வேறொருத்தி உள்ளே வந்துவிடுவாள். அவளே அப்படி வந்தவள்தான். அந்த முதல் வாடிக்கை, யாரோ ஒருத்தி பிரசவத்துக்குப் போனபோது கிடைத்தது. அந்த ஒருத்தி திரும்பி வந்து கேட்டாளா என்று அவள் விசாரித்ததில்லை.

வீட்டுக்கு வந்து சிலேட்டில் எழுதிக் காட்டினாள். கணவன் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்தான்.

"ஆறு வாரமா? கல்யாணமாகி பன்னெண்டு வருஷத்துல இப்பத்தான் நான் ஒரு வாக்கியத்தை முடிக்கப் போறேன்."

அவள் சிரிக்கவில்லை என்று கண்டு, "உன் தங்கச்சியைக் கூப்பிடேன். போன்ல எனக்கே உங்க ரெண்டு பேர்ல யாருன்னு தெரியாது" என்றான்.

விளையாட்டாகத்தான் சொன்னான். அவள் அன்றே எழுதி அனுப்பினாள்.

தங்கை நான்கு வயது சின்னவள். பிரதி எடுக்கும் கடை ஒன்றை மூன்று வருடம் நடத்தி மூடியவள். இப்போது ஒரு பல் மருத்துவமனையில் முன்மேசையில் உட்கார்ந்து நேரம் ஒதுக்கித் தருகிறாள். சின்ன வயதில் குரல் வித்தியாசம் தெரியாமல், ஒருத்திக்கு வைத்திருந்த வசவை அம்மா போனில் இன்னொருத்திக்குக் கொடுத்துவிடுவாள். மறுநாள் நான்கு மணிக்கு மேல் தங்கை வந்தாள். அலமாரிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இதுக்குள்ளயா இவ்வளவு நாள் சம்பாதிச்சே? மாமாவோட சட்டை வாசனையில எனக்குத் தும்மல் வருது."

அக்கா சிலேட்டைக் காட்டினாள். தும்மக் கூடாது.

வேலை செய்யும் முறை இரண்டே நாளில் அமைந்துவிட்டது. அக்கா தாளில் சிவப்புக் கோடு போட்டுத் தருவாள். கோடு உள்ள இடத்தில் மட்டும் மூச்சு விடலாம். தங்கை உள்ளே, அக்கா வெளியே காதில் ஹெட்போனுடன். அலமாரிப் பலகையில் ஒரு தட்டு என்றால் மறுபடி. இரண்டு தட்டு என்றால் மெதுவாக. மூன்று என்றால் போதும். முதல் வாரம் தட்டித் தட்டி விரல் கணு சிவந்துபோனது. மைக்கிலிருந்து நான்கு விரல் தள்ளி உட்காரச் சொல்லவும், 'ப' வரும் இடங்களில் காற்று மைக்கில் அடிக்காமல் முகத்தைச் சற்றுத் திருப்பச் சொல்லவும் சிலேட்டை எத்தனை தடவை அழிப்பது? தங்கை திட்டினாள், பெருமூச்சு விட்டாள், தண்ணீர் கேட்டாள். ஆனால் கற்றுக்கொண்டாள்.

இரண்டாம் வாரம் ஓர் அலுவலகக் கட்டடத்திலிருந்து ஒரே ஒரு சொல்லுக்கு வேலை வந்தது. புதிதாக ஒரு மாடி கட்டியிருக்கிறார்கள். ஆறு மாடி வரை முன்பே பதிவாகி இருந்தது. தங்கை உள்ளே போய் "ஏழாவது மாடி" என்று சொல்லிவிட்டு வந்தாள். அனுப்பினார்கள். பத்து நிமிடத்தில் நன்றி வந்தது.

"அப்ப ஆறு வரைக்கும் நீ, ஏழுல நானா?" தங்கை கைகொட்டிச் சிரித்தாள். "அக்கா, ஒருநாள் அங்க போய் மேலயும் கீழயும் போயிட்டு வரலாம்டி. யாராவது திரும்பிப் பாக்கறாங்களான்னு பாப்போம்."

யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று அக்காவுக்குத் தெரியும். ஹெட்போனில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டிருந்தாள். அதில் ஒரு நிம்மதி இருந்தது. நிம்மதிக்குக் கீழே வேறு ஏதோ இருந்தது. அதை அவள் கிளறவில்லை.

நான்காம் வாரம் ஒலிநூல் நிறுவனத்திலிருந்து தாள் வந்தது. அங்கிருந்த பெண் தயாரிப்பாளரின் கதவை அவள் நான்கு வருடமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். சின்னச் சின்ன விளம்பரங்கள் தருவார். வங்கிக்காரர்களிடம் இவள் பெயரைச் சொல்லி அனுப்புவார். ஆனால் ஒரு முழு நாவலைப் படிக்கக் கொடுத்ததில்லை. இப்போது ஒரு நாவலின் மூன்று பக்கம் அனுப்பி, மாதிரிக்குப் படித்து மாலைக்குள் தரச் சொல்லியிருந்தார். வேறு நான்கு பேரும் படிக்கிறார்கள்.

கதையில் ஒரு பெண் தன் கடையை மூடிவிட்டு, கட்டட உரிமையாளரிடம் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறாள். அக்கா ஒரு மணி நேரம் உட்கார்ந்து கோடு போட்டாள். தங்கை படித்தாள். முதல் இரண்டு பக்கம் சரியாகப் போனது. மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி. 'சாவிகளை மேசை மேல் வைத்தேன். அவர் எண்ணிப் பார்க்கவில்லை.' தங்கை "அவர் எண்ணிப்" என்று சொல்லிவிட்டு நின்றாள். கோடு இல்லாத இடம். மூச்சு உள்ளே போகும் சத்தம் ஹெட்போனில் தெளிவாகக் கேட்டது. பிறகுதான் "பார்க்கவில்லை" வந்தது. தாழ்ந்து, ஏறக்குறைய அலுவல் தொனியில்.

அக்கா ஒரு தட்டு தட்டினாள். மறுபடி தட்டினாள்.

"வேணாம்க்கா. அதை விட்டுடு."

இன்னொரு தட்டு.

"இன்னொரு தரம் படிக்க மாட்டேன்."

ஐந்து மணிக்கு அனுப்ப வேண்டும். நாலே முக்கால். தங்கையின் குரலில் பிடிவாதம் இருந்தது, வேறொன்றும் இருந்தது. அப்படியே அனுப்பினாள்.

மறுநாள் தங்கை சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது. தயாரிப்பாளர் நீளமாக எழுதுபவர் அல்ல. அன்று நீளமாக எழுதியிருந்தார். இத்தனை நாள் உங்கள் குரல் மிகச் சுத்தமாக இருக்கும், குறை சொல்ல முடியாது, அதுதான் எனக்குக் குறையாகப் பட்டது. இந்தப் பதிவில் 'எண்ணிப்' என்று சொல்லிவிட்டு ஒரு மூச்சு விடுகிறீர்களே, அதை நான்கு தடவை கேட்டேன். வருடத்துக்குப் பன்னிரண்டு புத்தகம் தருகிறேன். முதல் புத்தகத்தை எங்கள் ஸ்டூடியோவில் வைத்துக்கொள்வோம், நானும் கூட உட்காருகிறேன். எப்போது வருகிறீர்கள்?

"யாரு, அந்தப் புத்தகக்காரங்களா?" குழாய்ச் சத்தத்துக்கு மேல் தங்கை கத்தினாள். "என்ன சொல்றாங்க?"

அக்கா சிலேட்டை எடுத்தாள். சாக்பீஸ் சிறிது நேரம் பலகைமேல் நின்றது. வந்து சேர்ந்ததாம். பார்க்கிறார்களாம்.

தங்கை ஈரக்கையை உதறிக்கொண்டே வந்து படித்தாள். "பிடிக்கலைன்னா என்னைத் திட்டாதே. நீ தட்டினே, நான்தான் கேக்கலை."

அவள் போன பிறகு அக்கா தயாரிப்பாளருக்கு எழுதினாள். இரண்டு வாரம் கழித்து, திங்கட்கிழமை, வருகிறேன். எழுதிவிட்டு அலமாரி முன் தரையில் உட்கார்ந்தாள். கோடு அவள் போட்டது. நான்கு விரல் அவள் சொன்னது. பெயர் பத்து வருடம் அவள் சேர்த்தது. ஒரு மூச்சு மட்டும்தான் தங்கையுடையது. அந்தக் கணக்கு சரியாகத்தான் இருந்தது. மூன்று நான்கு தடவை போட்டுப் பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் சரியாக வந்தது.

ஆறு வாரம் முடிந்தது. மருத்துவர் மறுபடி குழாயை விட்டுப் பார்த்தார். வெள்ளை நாடாக்கள் வழுவழுவென்று இருந்தன. "பேசுங்க" என்றார்.

"சரி" என்றாள்.

குரல் இருந்தது. முன்பிருந்ததைவிடச் சுத்தமாக இருந்தது.

"போச்சுடா என் சுதந்திரம்" என்றான் கணவன். தங்கை போனில் சந்தோஷத்தில் குதித்தாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "இனிமே நீயே எல்லாத்தையும் பாத்துப்பே. சின்ன வேலை ஏதாவது மிஞ்சினா சொல்லுக்கா. நாலு மணிக்கு மேல நான் சும்மாத்தானே இருக்கேன்" என்றாள்.

"பாக்கலாம்."

"பழகிடுச்சு. அந்த இருட்டு, அந்தத் தும்மல் எல்லாம்."

"பாக்கலாம்டி."

வெள்ளிக்கிழமை மாலை அவள் அலமாரிக்குள் உட்கார்ந்து அதே மூன்றாம் பக்கத்தைப் படித்தாள். தங்கையின் பதிவை ஒரு காதில் வைத்துக்கொண்டாள். எந்த நொடியில் நிற்கிறாள், எவ்வளவு நேரம், எந்தச் சுருதியில் மறுபடி தொடங்குகிறாள், எல்லாம் கணினித் திரையில் கோடாகத் தெரிந்தது. அளந்து படித்தாள். "அவர் எண்ணிப்." மூச்சு. "பார்க்கவில்லை." கேட்டுப் பார்த்தாள். இடம் சரி. நீளம் சரி. ஒரு பெண் மூச்சு விடுகிறாள், அவ்வளவுதான். இருபது தடவைக்கு மேல் சொல்லியிருப்பாள். கழுத்தில் வியர்வை இறங்கியது. இன்னொரு தடவை சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளியபோது கட்டில் ஓரத்தில் தங்கை உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் போன வாரம் விட்டுச்சென்ற சால்வை.

"மாமாதான் கதவு திறந்தாரு" என்றாள். "கால் மணி நேரமா உக்காந்திருக்கேன்."

அக்கா ஹெட்போனைக் கழற்றினாள்.

"என்னை மாதிரி பேசிப் பாக்கறியா?"

அக்கா போனை எடுத்து, தயாரிப்பாளரின் கடிதத்தைத் திறந்து நீட்டினாள். தங்கை மெதுவாகப் படித்தாள். முடித்ததும் தேதியைப் பார்க்க மேலே நகர்த்தினாள்.

"ரெண்டு வாரம்" என்றாள்.

"சொல்லணும்னுதான்…"

"நான் அந்த இடத்துல ஏன் நின்னேன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியலை."

"எனக்கும் தெரியலை. தெரிஞ்சா உனக்குச் சொல்லிக் கொடுத்திருப்பேன்." சால்வையை நான்காக மடித்தாள். எட்டாக மடித்தாள். "நீ கேட்டிருந்தா, நீயே போய்ப் படிடின்னு சொல்லியிருப்பேன்க்கா. மனசார. என்னைப் போய் யாரு கேக்கப் போறாங்க? பத்து வருஷம் நீ இந்தப் பொந்துக்குள்ள கிடந்தது எனக்குத் தெரியாதா?"

"கோவமா?"

"இல்லை. க்ளினிக்ல எல்லாரும் என்கிட்ட பொய் சொல்லுவாங்க. நேத்துதான் வலிக்க ஆரம்பிச்சுதும்பாங்க. வாயைத் திறந்தா ரெண்டு வருஷத்துச் சொத்தை." எழுந்தாள். "அதே மாதிரி இருக்கு. வேற ஒண்ணுமில்லை. வரேன்."

வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஓங்கிச் சாத்தவில்லை.

தயாரிப்பாளரின் எண்ணை அழுத்தும்போது என்ன இழக்கப் போகிறோம் என்று அக்காவுக்குத் தெரிந்தே இருந்தது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மொத்தம் ஒரு கூடம் கொள்ளும் அளவுதான். ஒருவர் தும்மினால் மற்றவருக்குத் தெரிந்துவிடும். இரண்டாவது மணியில் எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க. திங்கட்கிழமைக்கு வண்டி அனுப்பவா?"

"மேடம், அந்த மூணு பக்கத்தைப் படிச்சது நான் இல்லை."

எதிர்முனையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"என் தங்கச்சி. எனக்குத் தொண்டை சரியில்லாம ஆறு வாரம் பேச முடியலை. அவதான் படிச்சா. கோடு போட்டது நான்."

"போன மாசம் நான் வங்கிக்காரங்களுக்கு உங்களைச் சொல்லி அனுப்பினேனே?"

"அதுவும் அவதான்."

"வேற?"

"இருபத்தாறு வேலை. மத்தவங்களுக்கும் சேர்த்து."

"என் பேரைச் சொல்லித்தான் உங்களை அவங்க எடுத்தாங்க." தயாரிப்பாளர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் கேட்க எளிதாக இருந்திருக்கும். பிறகு கேட்டார்.

"இப்ப பேசறது யாரு?"

அவள் சன்னலருகே வந்திருந்தாள். மூடிய கண்ணாடிக்குக் கீழே, தெருமுனையில் தங்கை சாலையைக் கடக்க நின்றிருந்தாள். சால்வை கையிடுக்கில். விளக்கு பச்சையானது. பக்கத்தில் நின்றவர்கள் கடந்தார்கள். அவள் கடக்கவில்லை. அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கையில் போன் இல்லை. அருகில் யாரும் இல்லை. ஒரு பேருந்து குறுக்கே வந்து நின்றது. அது நகர்ந்தபோதும் அவள் அங்கேதான் இருந்தாள், உதடுகள் அசைய, ஒரே இடத்தில் நின்று, மறுபடி அசைய.

"கேக்குதா?" என்றது போன்.