மடிந்த காது

மனைவி இறந்து ஐந்தாறு மாதம் வரை கல்லறைக்குக் கல் வைக்கும் பேச்சையே அவர் எடுக்கவில்லை. மண் இறுக வேண்டும் என்று யாரோ சொன்னது நல்ல சாக்காகிப் போனது. கடைசியில், வெளியூரில் வேலை பார்க்கும் மகள் வந்திருந்தபோது, "அம்மா வெறும் மண்ணா கெடக்கறாங்கப்பா. பாக்கவே ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். அவள் ஊருக்குப் போன மறுநாள் அவர் புறப்பட்டார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் மாடிக்கும் மாடிக்கும் நடுவே, கம்பி வடமும் கிரீஸ் வாடையுமாக, இருட்டுக் குழியில் ஒற்றை ஆளாக நின்று வேலை பார்த்தவர். அதனால் தனியாக இருப்பது தனக்குப் பெரிய விஷயமில்லை என்று நினைத்திருந்தார். அந்தக் கணக்கு தப்பிவிட்டது. காலையில் கை தானாக இரண்டு கோப்பைகளை எடுக்கும். ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைக்கிற சத்தம் வீடு முழுக்கக் கேட்கும்.

கல் செதுக்கும் கொட்டகை கல்லறைத் தோட்டத்துக்குப் பின்தெருவில் இருந்தது. அதை நடத்துகிறவர் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண், எல்லாருக்கும் கல்லம்மா. புருவத்தில் படிந்த வெள்ளைத் தூசியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"சொல்லுங்க ஐயா. யாருக்கு?"

"என் வீட்டுக்காரிக்கு. சாதாரணமா ஒரு சிலுவை, கீழ பேர். அவ்வளவுதான்."

சொல்லிக்கொண்டே சுவரைப் பார்த்தார். படங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன, எல்லாமே ஆட்டுக்குட்டிகள். ஒன்று முன்னங்காலை மடக்கிக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒன்று முத்திரை வைத்த புத்தகத்தின் மேல் படுத்திருந்தது. இன்னொன்றின் மார்பிலிருந்து ரத்தம் கோப்பைக்குள் விழுந்துகொண்டிருந்தது. அது பாட்டுக்கு நிமிர்ந்து நின்றது.

"கொடி பிடிச்ச ஆடு எங்க கோயில் பீடத்துலயும் இருக்கு. சின்ன வயசுல அதைப் பாத்து, இது எந்தக் கட்சின்னு கேட்டு உதை வாங்கியிருக்கேன்" என்றார்.

கல்லம்மா சிரித்துவிட்டார். "ஜெயிச்ச கட்சிதான் ஐயா. செத்து உயிர்த்த ஆண்டவர்தான் இந்த ஆடு, அதுக்கு அடையாளம் அந்தக் கொடி."

"இதுக்கு இவ்வளவு ரத்தம் போகுதே, விழ மாட்டேங்குதே?"

"அதான் அதுல சங்கதியே. வெட்டுப்பட்டும் நிக்கும்."

அப்போதுதான் மேசை ஓரத்தில் இருந்த கல்லை அவர் பார்த்தார். இரண்டு உள்ளங்கை சேர்ந்த அளவுதான் இருக்கும். நாலு காலையும் அடியில் மடக்கி, தலையைச் சாய்த்துத் தூங்கும் ஒரு குட்டி.

"இது?"

"பச்சைக் குழந்தைங்க கல்லு மேல வைக்கறது. மேய்ப்பர் குட்டியை மடியில தூக்கிக்கிட்டார்னு அர்த்தம். கொடியும் கெடையாது, காயமும் கெடையாது. சும்மா தூங்கும்."

அவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "இதையே வைங்கம்மா" என்றார்.

"ஐயா, இது பெரியவங்களுக்கு வைக்கறதில்ல. உள்ள குழந்தை இருக்குன்னு நெனச்சிக்குவாங்க."

"நெனச்சிக்கட்டும்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து, கல்லம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். எதுவும் கேட்கவில்லை. கேட்காததாலோ என்னவோ, அவர் சொன்னார்.

மகள் பிறப்பதற்கு முன்னால் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. பிறந்த அன்றைக்கே போய்விட்டது. ஞானஸ்நானம் கொடுக்க நேரமில்லை, பேர் வைக்கவும் இல்லை. தாயிடம் காட்ட வேண்டாம், பார்க்காவிட்டால் சீக்கிரம் மறந்துவிடுவாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். துண்டில் சுற்றி இவர் கையில் கொடுத்தார்கள். இவர்தான் தூக்கிக்கொண்டு நடந்தார். பேர் வைக்காத குழந்தைகளுக்கென்று தோட்டத்தின் மூலையில், மதிலோரம் ஒரு இடம் இருந்தது.

"இங்க வர்றதுக்கு முன்னாடி அங்க போய்ப் பாத்தேன். அந்த எடத்துல இப்ப வண்டி நிறுத்தறாங்க. எதுன்னு காட்டக்கூட ஆள் இல்ல."

"வீட்டுக்கார அம்மா அப்புறம் கேக்கலையா?"

"கேக்கல. ஒரு நாள் கேப்பான்னு காத்திருந்தேன். நானா சொல்லுவேன்னு அவ காத்திருந்தாளோ என்னமோ. அப்படியே காலம் போயிடுச்சு. எங்க சொந்தத்துலயே அவன் மொகத்தைப் பாத்தவன் நான் ஒருத்தன்தான். நானும் போயிட்டா..."

கல்லம்மா கையிலிருந்த உளியைக் கீழே வைத்தார். "எப்படி இருந்தான்னு சொல்லுங்க."

"நல்ல நெறையா முடி. மூக்கு சப்பை. வலது காது மேல்பக்கம் இப்படி மடிஞ்சிருந்தது. வளர வளர நிமிர்ந்துக்கும்னு அங்க ஒரு நர்ஸ் சொல்லிட்டு, உடனே வாயைப் பொத்திக்கிச்சு."

பிறகு தினமும் கொட்டகைக்கு வர ஆரம்பித்தார். வேலையைக் கெடுக்காமல் ஓரமாக உட்கார்ந்துகொள்வார். கல்லம்மாவுக்கும் பேச்சுத்துணை கிடைத்தது. ஆட்டுக்குட்டி செதுக்குவது லேசில்லை, கொஞ்சம் அசந்தால் முயலாகிவிடும் என்றார். முதன்முதலில் செய்த குட்டி அசல் பன்றிக்குட்டியாக வந்துவிட்டதாம். கொட்டகைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க அதைத்தான் முட்டுக் கொடுத்திருந்தார். அதைப் பார்த்து, பல நாளைக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

புதுக் குட்டிக்குக் காது செதுக்கும் நாள் வந்தது. கல்லம்மா சின்ன உளியால் சுரண்டி, தள்ளி நின்று பார்த்து, "இவ்வளவு போதுமா?" என்றார். அவர் எழுந்து வந்து விரலால் தடவினார். "இன்னும் கொஞ்சம் மடியணும்."

கல் நாட்டும் நாளுக்கு மகள் வந்தாள். மூடியிருந்த சாக்கை விலக்கியதும் அவள் முகம் சுருங்கியது.

"என்னப்பா இது? அம்மாவுக்குப் போய் ஆட்டுக்குட்டி? இது குழந்தைங்களுக்கு வைக்கறதில்ல?"

"ஆமாம்மா. உனக்கு அண்ணன் ஒருத்தன் இருந்தான்."

இதைச் சொல்ல எத்தனையோ விதமாக யோசித்து வைத்திருந்தார். கடைசியில் இப்படித்தான் வந்தது.

மகள் முழுவதையும் நின்றபடியே கேட்டாள். பிறகு கோபம் வந்தது. "நாப்பது வருஷமா ஒத்தப் புள்ளைன்னு நெனச்சிட்டு இருக்கேன். விளையாட ஆள் இல்லன்னு அழுதிருக்கேன். ரெண்டு பேருமே சொல்லல இல்ல?" விறுவிறுவென்று நடந்து வாசல் வரை போனாள். அவர் பின்னாலேயே போகவில்லை. கல்லம்மா சிமெண்டுச் சட்டியைக் கழுவும் பாவனையில் அப்பால் திரும்பிக்கொண்டார்.

வாசலில் அவள் நின்றாள். அங்கிருந்து வண்டிகள் நிறுத்தியிருந்த மூலை தெரியும். அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றிருந்தாள். திரும்பி வந்து கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். விரல் தானாகக் காதுக்குப் போனது.

"ஒடைஞ்சிடுச்சா இது?"

"இல்லம்மா. அவனுக்கு அப்படித்தான் இருந்தது."

அவள் அழுதாள். ஒரு நாள்கூட வாழாத ஒருவனை அண்ணன் என்று சொல்லிப் பார்த்தாள். சத்தமில்லாமல், உதடு மட்டும் அசைந்தது. அவருக்கு அது புரிந்தது. பக்கத்தில் உட்கார முடியாமல், முட்டியைப் பிடித்துக்கொண்டு, அவள் தலைக்கு மேல் நிழல் விழும்படி நின்றார்.

இரண்டு நாள் இருந்துவிட்டு அவள் கிளம்பினாள். "என்கூட வந்துடுங்கப்பா" என்றாள். "பாக்கலாம்மா" என்றார். அது வர மாட்டேன் என்பதற்கான பதில் என்று இருவருக்கும் தெரியும்.

ரயில் போன பிறகு அவர் பிளாட்பாரத்தில் சற்று நேரம் நின்றார். வீட்டுக்கு வந்து, ஜன்னலைத் திறந்து வைத்து, காலையில் மிச்சமிருந்த ரொட்டியைச் சாப்பிட்டார். வீடு பழையபடியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் போன் செய்தாள். சாப்பாடு, மாத்திரை, முட்டிவலி எல்லாம் கேட்டு முடித்தாள். வழக்கமாக அத்தோடு வைத்துவிடுவாள். அன்று வைக்கவில்லை.

"முடி நெறையா இருந்ததுன்னீங்களே. சுருட்டையா?"

"ஈரமா இருந்ததும்மா. சரியா தெரியல. ஆனா, கருகருன்னு இருந்தது."

"ம்" என்றாள். போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, அவள் ஊர்த் தெருவின் இரைச்சலைக் கேட்டபடி அவர் உட்கார்ந்திருந்தார்.