பாட்டு இன்னும் முடியவில்லை

இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்ந்து உட்காருங்கள், கண்ணுகளா. சிரிக்க வைத்தே ஓய்ந்துபோன ஒரு பாட்டுக்காரனின் கதை வைத்திருக்கிறேன்.

ரெசிஃபி நகரத்தின் மேட்டுத் தெருக்களில் அடெயில்டோவைத் தெரியாதவர் இல்லை. பெண்டாட்டி விட்டுப் போனவன் உருகி உருகி அழுகிற பிரேகா பாட்டுகளைக் கேலியாக்கிப் பாடுகிறவன். சிறுத்தைப் புள்ளிச் சட்டை, ஊதாக் கண்ணாடி. கடைசி அடியில் மண்டியிட்டுக் கதறும்போது தலையிலிருந்து விக் நழுவி விழும். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். இருபத்தெட்டு வருடமாக அதே அடி, அதே சிரிப்பு. இப்போதெல்லாம் முட்டி வலிக்கிறது. சிரிப்புச் சத்தம் கேட்டால் கொட்டாவி வருகிறது.

ஒரு ஞாயிறு மத்தியானம், காசு வாங்கிக்கொண்டு வீட்டு வாசலில் காதல் சேதி சொல்லும் ஒலிபெருக்கிக் காரை ஓட்டும் இவோனெட்டி வந்து நின்றாள்.

“அண்ணே, என் பாட்டுக்காரனுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. ஒரே ஒரு பாட்டு, வாண்ணே.”

“யாருக்கு?”

“பஸ் ஓட்டுற ஜெனிவாலுக்கு. பொண்டாட்டி நெய்டி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போய் நாப்பது நாளாச்சு. உன்னோட தலையணைப் பாட்டுதான் வேணுமாம்.”

“அது நக்கல் பாட்டுடி!”

“அவனுக்கு அது தெரியலையே. கேட்டுக் கேட்டு அழுவுறான்.”

அங்கே வழக்கம் இதுதான்: பலூன் கட்டிய அந்தக் கார் வாசலில் நின்றால் பாட்டு முடிவதற்குள் கதவு திறக்க வேண்டும். திறக்காவிட்டால் அதுதான் பதில், தெருவே சாட்சி. அதற்கப்புறம் ஜெனிவால் அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

நெய்டியின் அம்மா வீட்டு முன்னால் தெருவே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது.

“யோவ், விக் எப்பய்யா விழும்?” என்று ஒருவன் கத்தினான்.

இஸ்திரி போட்ட சட்டையில் ஜெனிவால் நின்றான். கையிலிருந்த பிளாஸ்டிக் ரோஜாக்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தான். அடெயில்டோ அந்தக் கையைப் பார்த்தான். விக்கை இழுத்து இறுக்கிக்கொண்டு பாட ஆரம்பித்தான்.

‘உன் தலையணையைத் துவைக்க மாட்டேன், சோப்பு தீர்ந்தாலும்...’

முதலில் சிரித்தார்கள். அவன் கண்ணடிக்கவில்லை, முகத்தைக் கோணலாக்கவில்லை. சிரிப்பு அடங்கியது. கடைசி அடி வந்தது. ஜன்னல் திரைச்சீலை கொஞ்சம் அசைந்ததே தவிர, இரும்புக் கேட் திறக்கவில்லை. மண்டியிட வேண்டிய இடத்தில் அவன் நின்றபடியே முதல் அடிக்குத் திரும்பினான்.

“அண்ணே, பாட்டு முடிஞ்சிருச்சு!” என்று இவோனெட்டி கிசுகிசுத்தாள்.

“முடியல. எழுதினவன் நான், எனக்குத் தெரியாதா?”

இரண்டாவது முறை. மூன்றாவது முறை. குரல் கரகரத்தது. தெருவும் சேர்ந்து பாடியது. நான்காவது முறையில் வியர்வையில் வழுக்கி விக் தானாகவே விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை.

கேட் கிரீச்சிட்டது. சோளமாவு அப்பிய கையோடு நெய்டி வந்தாள்.

“நிறுத்துங்கய்யா! அம்மாவுக்கு மண்ட வெடிக்குது.” ஜெனிவால் பக்கம் திரும்பினாள். “வயசான மனுசன வெயில்ல இப்படிக் கதற விடுவியா? பூவும் நீயும்! உள்ள வா.”

குனிந்து விக்கை எடுத்து, தூசி தட்டி நீட்டினாள். “காபி குடிக்கிறீங்களாண்ணே?”

“முதல்ல ஒரு நாற்காலி குடும்மா,” என்றான் அடெயில்டோ.

உங்கள் வீட்டிலும், கண்ணுகளா, கோபித்தவர் கதவு பாட்டு முடியும் முன்னே திறக்கட்டும்; களைத்து வருகிறவருக்கு ஒரு நாற்காலியும் சூடான காபியும் என்றும் குறையாமல் இருக்கட்டும்.