ஏழு பேருக்கும் ஒரே விடை

எங்கள் பள்ளியில் கரும்பலகைகளைக் கழற்றிக் கொண்டுபோய் சைக்கிள் கொட்டகையில் சாய்த்து வைத்தபோது நான் ஒன்றும் கண்ணீர் விடவில்லை. இருபத்து நான்கு வருடம் சாக்பீஸ் தூளை மூச்சில் இழுத்தவளுக்கு, தொலைந்தது சனியன் என்றுதான் இருந்தது. எரிச்சல் வந்தது வேறு விஷயத்தில். பலகை இருந்த சுவரில் பெரிய தொடுதிரையை மாட்டிவிட்டு, அதில் பாடம் நடத்தக் கற்றுக்கொள்ளச் சொல்லி ஆறு வாரம், பள்ளி விட்டபிறகு தினமும் ஒன்றரை மணி நேரம் எங்களை உட்கார வைத்தார்கள். நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்திவிட்டு வருகிறவர்களுக்குத் தலையில் என்ன ஏறும்? தூக்கம்தான் ஏறும்.

நாங்கள் எட்டுப் பேர். வரலாறு சார் முதல் வாரமே கன்னத்தில் கையை ஊன்றி, கண்ணைத் திறந்துகொண்டே தூங்கப் பழகிவிட்டார். விளையாட்டு சாரின் விரலுக்கு அந்தத் திரை தாங்கவில்லை. ஒரு பக்கத்தைத் தள்ளினால் நாலு பக்கம் ஓடியது. கணக்கு டீச்சர் சொல்வதையெல்லாம் நோட்டில் அழகாக எழுதிக்கொள்வார், திரையை மட்டும் தொடமாட்டார்.

"தொட்டா கெட்டுப்போயிடுமோன்னு பயமா இருக்கு சார்."

"கெட்டுப்போகட்டும் டீச்சர். தொடுங்க. எல்லாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்" என்றார் விளையாட்டு சார்.

எட்டுப் பேரில் அந்தத் திரையோடு ஒட்டிக்கொண்டது சின்ன டீச்சர் ஒருத்திதான். அறிவியல் எடுக்கிறாள். வேலைக்கு வந்து ஒரு வருடம், அதுவும் தற்காலிக வேலை. சொல்லிக்கொடுக்க வந்த கம்பெனி ஆள் புரியாத பாஷையில் எதையாவது சொல்லிவிட்டுப் போனபிறகு, அவள்தான் ஒவ்வொருவர் பக்கத்திலும் வந்து நின்று மறுபடி சொல்லுவாள். என்னிடம் மூன்று தடவை, நாலு தடவை சொல்லுவாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. நானாக இருந்தால் இரண்டாவது தடவையே குட்டியிருப்பேன்.

நான் புவியியல். எனக்கு இந்தப் பயிற்சி விளையாட்டு இல்லை. கடைசியில் ஒரு தேர்வு உண்டு, இருபது கேள்வி, பதினாலு வாங்கவேண்டும். தேறாதவர்களை ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் கிளைப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்களாம். அங்கே இன்னும் திரை வரவில்லையாம். இரண்டு பஸ் மாறி ஒரு மணி நேரம் போகவேண்டிய இடம். என் வீடோ இந்தப் பள்ளியின் பின்வாசலிலிருந்து ஆறு நிமிட நடை. மதிய இடைவேளை நாற்பது நிமிடம். அதில் ஓடிப்போய் என் வீட்டுக்காரரைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, கரைத்த சாப்பாட்டை ஸ்பூனால் ஊட்டிவிட்டு ஓடிவருவேன். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலதுபக்கம் விழுந்துவிட்டது. ஒரே பக்கமாகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கிடந்தால் முதுகில் புண் வந்துவிடும். ஒரு தடவை வந்து, ஆறுவதற்கு நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதத்தை நான் மறக்கமாட்டேன். பகலெல்லாம் ஆள் வைக்க வழியில்லை. ஆக, எனக்கு அந்தப் பதினாலு மதிப்பெண் என்பது அவர் முதுகு.

படித்தேனா? படிக்க உட்காருவேன். உட்கார்ந்தால் கண் சொருகிவிடும்.

தேர்வுக்கு முதல் நாள் சின்ன டீச்சர் ஒரு மடித்த காகிதத்தை என் கைக்குள் வைத்தாள். தேர்வன்று அவளுக்கு வேறு பள்ளியில் மேற்பார்வை வேலை என்பதால் முன்னாடியே எழுதித் தேறியிருந்தாள்.

"அக்கா, ஞாபகம் வெச்சு எழுதிட்டேன். ஒண்ணு ஆ, ரெண்டு ஈ, இப்படி வரிசையா இருக்கு. நீங்க தூங்காம படிக்கிறேன்னு உடம்பைக் கெடுத்துக்காதீங்க."

"இதெல்லாம் தப்பும்மா."

"தப்புதான். அண்ணனை யாரு பாத்துப்பா?"

நான் வாங்கிக்கொண்டேன். பரீட்சை அறையில் பிட் அடிக்கிற பிள்ளையை நாற்பது அடி தூரத்திலிருந்து பிடிப்பேன் என்பதற்காகப் பிள்ளைகள் எனக்குக் கேமரா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தக் கேமராதான் வாங்கிக்கொண்டது. அன்று சாயங்காலமே அந்தக் காகிதம் ஆசிரியர் அறையில் ஒரு சுற்று வந்துவிட்டது. வரலாறு சார் அதைத் தன் கைக்குட்டையில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் தேர்வு. ஆளுக்கொரு டேப்லெட். கேள்வியை யார் படித்தார்கள்? ஆ, ஈ, அ, அ, இ என்று விரலால் தட்டிக்கொண்டே போனோம். ஒன்றரை நிமிடத்தில் முடித்து, சந்தேகம் வராமல் இருக்க அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். வெளியே வந்ததும் முடிவு வந்தது. எனக்கு நாலு. கணக்கு டீச்சருக்கு ஆறு. விளையாட்டு சாருக்கு மூன்று.

வரலாறு சார் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"கேள்விய மாத்தி மாத்திப் போட்டிருக்கான்யா. ஆளுக்கொரு வரிசை. நம்ம ஏ தாள், பி தாள் மாதிரி."

பக்கத்து இருக்கைப் பிள்ளைகள் காப்பி அடிக்காமல் இருக்க ஒரே கேள்வித்தாளை வரிசை மாற்றி இரண்டு விதமாக அச்சடிக்கும் வழக்கத்தை இந்தப் பள்ளியில் கொண்டுவந்தவளே நான்தான். பதினைந்து வருடமாக ஏழு பேரும் அப்படித்தான் தாள் தயாரிக்கிறோம். அந்த யோசனை மெஷினுக்கும் வரும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. விளையாட்டு சார் சிரித்துவிட்டார். அப்புறம் எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அந்த இரண்டு பஸ்ஸுக்கும் நேரக் கணக்குப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து, மதிய மணி அடிக்கிற நேரத்தில் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். ஏழு பேரின் விடை வரிசையும் எழுத்து பிசகாமல் ஒன்றாக இருப்பதை மெஷின் காட்டிக்கொடுத்திருந்தது. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். நான் கடைசி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டே முக்கால். பன்னிரண்டு ஐம்பது. ஒரு மணி. வீட்டில் அவர் காலை ஏழு மணிக்கு நான் இடப்பக்கம் சாய்த்த வாக்கில் கிடப்பார். தண்ணீர் கேட்கக்கூட ஆள் கிடையாது. உள்ளே போனவர்கள் ஒவ்வொருவரும் ஆற அமரப் பேசிவிட்டு வந்தார்கள்.

நான் உள்ளே போனபோது ஒன்று ஐந்து.

"உட்காருங்க டீச்சர்."

"இல்ல மேடம், நின்னுக்கறேன். வீட்டுக்கு ஓடணும்."

"விடைய யாரு குடுத்தாங்க?"

எத்தனை பிள்ளைகளிடம் இதே கேள்வியை இதே குரலில் கேட்டிருக்கிறேன். யார் கொடுத்தது என்று சொல்லு, உன்னை விட்டுடறேன் என்பேன். சில பிள்ளைகள் சொல்லிவிடும். சொல்லாமல் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

"சொன்னா மறுதேர்வு உண்டா மேடம்?"

"சொல்லுங்க."

"சின்ன டீச்சர்" என்றேன். சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. யோசித்துச் சொல்லியிருந்தால் பாவி என்று என்னைத் திட்டிக்கொள்ளலாம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

தலைமையாசிரியை பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றி முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் என் வயதுதான். அவரும் தூங்கி எத்தனை நாள் ஆனதோ.

"மத்த ஆறு பேரும் தெரியாதுன்னுட்டாங்க. நீங்களும் தெரியாதுன்னா, எல்லாருக்கும் திங்கக்கிழமை மறுதேர்வுன்னு எழுதி இதை மூடிடலாம்னு இருந்தேன். இப்ப காதுல விழுந்திடுச்சே டீச்சர். நான் என்ன பண்ண?"

"மேடம், நான் சொல்லலைன்னு வெச்சுக்கோங்க."

"போங்க. அவருக்குச் சாப்பாடு குடுங்க."

ஓடினேன். வீட்டில் அவர் படுக்கை நனைந்திருந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்திருந்தார், அப்படியானால் கோபம். துணி மாற்றினேன், புரட்டினேன், ஊட்டினேன். பாதிச் சாப்பாடு கழுத்தில் வழிந்தது. "உங்களுக்காகத்தான் பண்ணேன்" என்று அவரிடம் கத்தினேன். என்ன பண்ணினேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? பயந்துபோய் வாயை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டார்.

சின்ன டீச்சரை மாதக் கடைசியோடு நிறுத்துவதாக மறுநாள் கடிதம் கொடுத்தார்கள். எங்கள் ஏழு பேருக்கும் திங்கட்கிழமை மறுதேர்வு. ஆசிரியர் அறையில் யார் வாயைத் திறந்தது என்று யாரும் கேட்கவில்லை. வரலாறு சார் மட்டும் என்னிடம் இரண்டு நாள் பேசவில்லை. அவர் எப்போதும் அதிகம் பேசாதவர்தான் என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினார்கள். திறந்தால் சின்ன டீச்சர், கையில் டேப்லெட்.

"மத்தவங்க எப்படியும் தேறிடுவாங்கக்கா. உங்களுக்குத்தான் உக்காந்து படிக்க நேரமே கிடையாது. அதான் வந்தேன்."

அவள் நேராக உள்ளே போய், கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "அண்ணா, நல்லா இருக்கீங்களா? அக்காவுக்கு இன்னிக்கு ஸ்கூல்" என்றாள். அவர் பாதி முகத்தால் சிரித்தார். இரண்டு வருடத்தில் வெளியாள் யாரிடமும் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

"வேலை போச்சேம்மா" என்றேன்.

"வேற தேடணும். யாரு சொன்னாங்கன்னு நான் கேட்டுக்கலக்கா. கேட்டு என்ன ஆகப்போகுது? எழுதிக் குடுத்தது நான்தானே. அந்த வரிசை மாறும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். என்னாலதான் உங்களுக்கு இவ்வளவு அலைச்சல்."

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"பரீட்சை முடியட்டும்க்கா. அப்புறம் எவ்வளவு வேணா பேசலாம். மொதல்ல இதப் பாருங்க. வரைஞ்சத அழிக்காம அடுத்த பக்கத்துக்குப் போகணும். எதத் தொடுவீங்க?"

அவள் அப்புறம் என்று சொன்னதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு வந்தது நிம்மதிதான்.

திரையின் ஓரத்தில் இருந்த சின்னக் குறியைத் தொட்டேன். பக்கம் மாறியது.

"பாத்தீங்களா, உங்களுக்கே வருது" என்றாள். அவர் இடது கையால் மெத்தையைத் தட்டினார், கைதட்டுகிறாராம். அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"அடுத்த கேள்வி என்னம்மா?" என்று கேட்டேன்.