'அரை இன்ச்' செய்த தொட்டில்

அவள் தொட்டிலுக்குள் தலையை விட்டு மரத்தூளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மறுபக்கம் முக்காலியில் உட்கார்ந்து, கணவர் மேல்சட்டத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்குக் கொழுந்தனின் குழந்தை வருகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து அவன் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டான்.

"போதுங்க. புள்ள வாசல்ல வந்து நிக்கிறப்பவும் தேச்சுக்கிட்டே இருக்கப்போறீங்களா?"

"ஒரு சாண் பாக்கி. கையில கீறிடக் கூடாது பாரு."

தச்சுப் பட்டறையில் அவருக்குப் பெயர் 'அரை இன்ச்'. கதவோ அலமாரியோ, யார் செய்ததாக இருந்தாலும் டேப்பை இழுத்துப் பார்த்து, "அரை இன்ச் இடிக்குதே" என்பார். தன் வேலையை மட்டும் மூன்று தடவை அளப்பார். ஒரு மாதமாகச் சட்டம் சட்டமாக வீட்டுக்குக் கொண்டுவந்து, முன்னறையிலேயே பசை வைத்து, மர ஆணி அடித்து, திருகாணி ஒன்றுகூட இல்லாமல் தொட்டிலைப் பூட்டியிருந்தார். அடுத்த மாதம் கொழுந்தன் குடும்பம் புது வீட்டுக்குப் போகிறதே, திருகாணி போட்டால்தானே கழற்றி எடுத்துப் போக முடியும் என்று அவள் கேட்டதற்கு, "திருகாணி துரு பிடிக்கும்" என்று சொல்லி அவள் வாயை அடைத்துவிட்டார்.

தம்பி போவதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. இருப்பது இரண்டு அறையும் ஒரு முன்னறையும். இவர்கள் இருவர், தம்பி, அவன் மனைவி, நாலு வயது மகள், இப்போது இன்னொன்று. "குடும்பம் பெருகுது அண்ணே" என்று தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "ஆமாமா, நல்லா காத்து வர்ற வீடா பாரு" என்றுதான் சொன்னார். பிள்ளை இல்லாத இவர்களுக்கு அந்த நாலு வயதுக்காரிதான் உலகம். அன்றைக்குக் குழம்பில் உப்பே இல்லை. அவர் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுந்தார்.

"மெத்தை காஞ்சிருக்கும், எடுத்துட்டு வாங்களேன்" என்றாள். பதில் இல்லை. "காதை எங்க வச்சீங்க? வர்றவங்களுக்கு டீயாவது வைக்கணும். எல்லாத்துக்கும் நான் ஒருத்திதானா?" இன்னும் என்னென்னவோ சொன்னாள். சொல்லிக்கொண்டே நாலு மூலையும் துடைத்து முடித்தாள். அப்புறம்தான் உப்புத்தாள் சத்தம் நின்றுபோயிருப்பது உறைத்தது.

நிமிர்ந்து பார்த்தாள். சட்டத்தின் மேல் கன்னத்தை வைத்துச் சாய்ந்திருந்தார். மட்டம் பார்க்கும்போது அப்படித்தான் ஒற்றைக் கண்ணை மரத்தோடு ஒட்டிவைப்பார்.

"மட்டம் பாத்தது போதும், எந்திரிங்க."

தோளைத் தொட்டாள். மொத்த உடம்பும் அவள் பக்கம் சரிந்தது.

கீழ் வீட்டு டாக்டர் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தார். நெஞ்சில் காதுக்குழாயை வைத்தார், இடம் மாற்றி மறுபடியும் வைத்தார், பிறகு மடக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "மாரடைப்பும்மா. எல்லாம் முடிஞ்சிடுச்சு" என்றார்.

"இல்ல டாக்டர், இப்பத்தான் பேசினாரு. ஒரு சாண் பாக்கின்னாரு."

"ஆமாம்மா."

"டீக்குத் தண்ணி வச்சிருக்கேன்" என்றாள். எதற்குச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. செத்துப்போன மனிதரைத் திட்டிக்கொண்டு நாலு மூலை துடைத்திருக்கிறோம் என்பது மட்டும் தலைக்குள் திரும்பத் திரும்ப ஓடியது.

போன் அடித்தது. "அண்ணி, கிளம்பிட்டோம்! அண்ணன்கிட்ட சொல்லுங்க, பயலுக்கு அவரு மூக்கு அப்படியே இருக்காம். நர்ஸம்மாவே சொல்லுது."

"சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். தரையில் கிடத்தியிருந்தவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "மூக்கு உங்க மூக்காம்" என்று சொல்லவும் செய்தாள். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதலில் படியேறி ஓடிவந்தது நாலு வயதுக்காரி. "பெரியப்பா! தம்பிப் பாப்பா வந்தாச்சு!" வாசலில் கிடந்த அத்தனை செருப்புகளையும் பார்த்து அவள் நின்றாள். பின்னால் இரண்டு கையிலும் பையோடு வந்த கொழுந்தன் உள்ளே எட்டிப் பார்த்தான். ஒரு பை படியில் உருண்டு போனது.

"காலைல பேசினேனே அண்ணி" என்றான். "என்கூடப் பேசினாரே." அழுகை வரவில்லை. அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி குழந்தையோடு வாசலிலேயே நின்றாள். உள்ளே வரலாமா கூடாதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"உள்ள வா. தையல் போட்ட உடம்பு, நிக்காத" என்றாள் இவள்.

ஜனம் சேரச் சேர முன்னறை போதவில்லை. பட்டறையிலிருந்து வந்த பாலீஷ்காரர், தொட்டிலைக் கொஞ்ச நேரம் வெளியே வைக்கலாம் என்றார். நாலு பேர் பிடித்துத் தூக்கினார்கள். வாசலில் இடித்தது. சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள், குறுக்கே திருப்பினார்கள். பாலீஷ்காரர் டேப்பை இழுத்துப் பார்த்தார்.

"அரை இன்ச் இடிக்குதே" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

"அவருக்கா தப்பாகும்?" என்று முணுமுணுத்தார். "இந்த ரெண்டு சட்டத்த அறுத்துட்டா வெளிய போயிடும் தங்கச்சி. அப்புறமா நானே ஒட்டித் தர்றேன்."

அவள் எழுந்து போனாள். கொடியில் தொங்கிய அவர் சட்டைப் பையிலிருந்து அளவு நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். தட்டைப் பென்சிலில் எழுதியிருந்தது: வாசல் 28. தொட்டில் 28½. பக்கத்தில் 'சரி' என்று போட்டுக் கோடு இழுத்திருந்தார். மூன்று தடவை அளந்த பிறகுதான் அவர் 'சரி' போடுவார்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாவி மனுசா, தம்பிகிட்ட போகாதேடான்னு ஒரு வார்த்தை வாயத் திறந்து சொன்னா குறைஞ்சா போயிருப்பே?

நோட்டைக் கொழுந்தனிடம் நீட்டினாள். ஒரே ஒரு வரிதான். அவன் அதை ரொம்ப நேரம் படித்தான். ரம்பத்தை எடுத்துக்கொண்டிருந்த பாலீஷ்காரரின் கையைப் பிடித்தான்.

"அறுக்க வேண்டாம்ணே. உள்ளயே வைங்க."

சுவரோரமாகத் தொட்டிலைத் தள்ளிவைத்து, அதற்குப் பக்கத்திலேயே அண்ணனைக் கிடத்தினார்கள். குழந்தை சிணுங்கியது. கை ஓய்ந்துபோன அதன் அம்மா யாரையும் கேட்கவில்லை; தொட்டிலில் துணியை விரித்துப் படுக்கவைத்தாள். அது இரண்டு தடவை முகத்தைச் சுளித்துவிட்டுத் தூங்கிப்போனது. மூக்கு அவருடைய மூக்குதான்.

கொழுந்தன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தரையில் கிடந்த உப்புத்தாளை எடுத்து, மேல்சட்டத்தைத் தடவிப் பார்த்தான்.

"அண்ணி, பாக்கி எந்தப் பக்கம்?"

அவள் அவன் விரலைப் பிடித்துச் சொரசொரப்பான இடத்தில் வைத்தாள். அவன் மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தான். குழந்தை மேல் தூள் விழாமல், அவள் சட்டத்துக்கு அடியில் உள்ளங்கையை ஏந்திக்கொண்டு நின்றாள்.